மாமன் சொல்லாமல் எடுக்க மாட்டார்கள்

காபிக்கு மணி பத்து. பத்து என்றால் பத்துதான். ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு எவனும் கோப்பையைத் தொட மாட்டான், பத்து ஒன்றுக்கு எவனும் நின்றுகொண்டிருக்க மாட்டான். ஸ்வீடனில் குளிர் பிடித்த ஒரு மூலையில், தண்ணீர்ப் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில், பதினாலு வருஷமாக இந்தப் பத்து மணிக்கு அடங்கி நடந்த நாச்சிமுத்து இன்றைக்கு மட்டும் ஒன்பது ஐம்பதுக்கே வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்துவிட்டான். போனைக் கவிழ்த்து வைத்தான். நிமிர்த்தி வைத்தான். மறுபடி கவிழ்த்தான். ஊரில் இப்போது மணி இரண்டு இருபது. மூன்று மணிக்கு எடுக்கிறது. எடுக்கிறது என்றால் சென்னியப்பனை எடுக்கிறது, அக்கா மகன் சென்னியப்பனை, ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்துக் குளிப்பாட்டிக் கோடித்துணி போட்டு, சொந்தபந்தமெல்லாம் பார்த்து முடித்து, பங்காளிகள் தோள் கொடுத்துத் தூக்குகிறது. தூக்குவதற்கு முன்னால் தாய்மாமன் உத்தரவு வேண்டும். மாமன் ‘எடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பங்காளிகளில் ஒருத்தன் குனிய மாட்டான், நாலு தலைமுறையாக அப்படித்தான், இனிமேலும் அப்படித்தான். அந்த மாமன் இங்கே உட்கார்ந்திருக்கிறான், வெளியே பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு. இரண்டு ஐம்பதுக்குப் போன் போடுகிறேன் சித்தப்பா, எடுத்துருங்க, என்று அண்ணன் மகன் கதிரேசன் காலையிலேயே சொல்லிவிட்டான். இரண்டு ஐம்பது என்றால் இங்கே பத்து இருபது, காபி நேரத்துக்குள்ளேயே. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதைக் காலையிலிருந்து வாய்க்குள் வைத்துப் பார்க்கிறான், பஸ்ஸில் பார்த்தான், பல் தேய்க்கும்போது பார்த்தான், வாய் திறக்கிறது, சத்தம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

மேசைமேல் ஒரு அட்டை இருந்தது. காலையில் வந்ததும் கரீன் அதை அவன் கையில் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கரீன் அவனுக்கு மேலதிகாரி, நல்ல பெண்பிள்ளை, குறை சொல்ல முடியாது. அட்டையில் ஒரு கரடிக்குட்டி படம், மேகத்தின்மேல் படுத்துத் தூங்குகிற கரடிக்குட்டி. உள்ளே பதினோரு பேர் கையெழுத்து, சில பேர் குட்டிக் குட்டியாக இதயம் வேறு போட்டிருந்தார்கள். கரடிக்குட்டி எதற்கு என்று முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. அக்கா மகன் செத்துவிட்டான் என்று நேற்றுச் சொன்னான் அல்லவா, அவ்வளவுதான் சொன்னான், வயசைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை, கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்கள். கல்யாணம் ஆகாதவன், ஒண்டிக்கட்டை, பார்க்க நாற்பத்தைந்து சொல்லலாம், அவனுக்கு அக்கா மகன் என்றால் எவ்வளவு இருக்கும்? எட்டு, பத்து. பாவம், சின்னப் பிள்ளை. செத்தவனுக்கு ஐம்பத்திரண்டு வயசு, நரைத்த மீசை, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை, சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை என்று எவளுக்குத் தோன்றும். திருத்தியிருக்கலாம். இல்லை கரீன், அவன் என்னைவிட நாலு மாசம் பெரியவன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அவள் அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கை சூடாக இருந்தது, நேற்றிலிருந்து அவனைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். விட்டுவிட்டான். நேற்றும் இப்படித்தான் ஒன்றை விட்டான், அதை நினைக்கவே கூடாது என்று காலையிலிருந்து ஒதுங்கி ஒதுங்கிப் போகிறான், அது வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. நேற்றுக் காலை ஐந்து மணிக்கு, மாரடைப்பு என்று செய்தி வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு விமானம், அதைப் பிடித்தால் இன்றைக்குக் காலையில் கோயம்புத்தூர், பத்து மணிக்கெல்லாம் பந்தலில் நின்றிருக்கலாம். மாமன் வர்றாருன்னா நாளைக்கு மூணு மணிக்கு எடுத்துக்கலாமுங், என்று அவனுக்காகத்தான் ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். அவன் ஆபீசுக்கு வந்து லீவு கேட்டான். கேட்டானா? இல்லை, விஷயத்தைச் சொன்னான். கரீன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்தாள். துக்க விடுப்பு: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. அக்கா மகன் அதில் இல்லை. மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள், இல்லை. ‘இதில் வரவில்லை, ஆனால்...’ என்று இழுத்தாள். அவன் உடனே ‘பரவாயில்லை’ என்றான். அவள் ஆனாலுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தாளோ தெரியாது, இவன் முந்திக்கொண்டு பரவாயில்லை என்று சொல்லி, சொன்ன கையோடு சோதனைக் கூடத்துக்குப் போய், பம்பைத் தண்ணீரில் இறக்கி அழுத்தம் பார்க்க ஆரம்பித்துவிட்டான். விமானம் இரண்டு மணிக்குக் கிளம்பியிருக்கும். அந்த நேரத்தில் அவன் ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

பட்டியலில் இல்லையாம். அடப் பாவி, எந்தப் பட்டியலில் இருப்பான் அவன்? அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயசு, மூத்த மகளைக் கட்டிக் கொடுத்து, அவள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள், பார்த்தால் அம்மாவும் முழுகாமல் இருக்கிறாள். மருமகன் வாசலில் வந்து நின்றால் அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் ஓடிவிடுவாளாம். ஊரே சிரித்தது. ஐப்பசியில் அக்காவுக்குச் சென்னியப்பன், மாசியில் அம்மாவுக்கு நாச்சிமுத்து. ஒரே விட்டத்தில் இரண்டு தூளி. அம்மாவுக்குப் பால் இல்லை, அந்த வயசில் எங்கிருந்து வரும். அக்கா மாராத்தாள்தான் வலது பக்கம் மகனையும் இடது பக்கம் தம்பியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பார்த்தவர்கள் இரட்டைப் பிள்ளையா என்று கேட்டால் ஒண்ணு மகன், ஒண்ணு தம்பி என்பாள். புருஷன் வீட்டுக்குப் போகவேண்டிய ஐந்தாம் மாசத்தில் போகாமல், தம்பிக்கு ஒரு வயசாகட்டும் என்று மாமியார்க்காரியிடம் வசவு வாங்கிக்கொண்டு தங்கினாள். பேச்சு வந்ததும் சென்னியப்பன் இவனை ‘முத்து’ என்று கூப்பிட்டிருக்கிறான், இவன் அப்பா பளாரென்று ஒன்று வைத்தார். மாமன்டா அவன், மாமான்னு சொல்லு, வாங்க போங்கன்னு பேசு. நாலு மாசம் பெரியவன் சின்னவனைப் பார்த்து மாமா வாங்க என்றான். இரண்டு ஊருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, ஒரே ஸ்லேட்டு. கோலிக்குண்டுக்குச் சண்டை வரும், சென்னியப்பன் இவனை மண்ணில் போட்டுப் புரட்டி எடுப்பான், மூக்கில் ரத்தம் வரும், அப்புறம் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டு, போலாங்களா மாமா, என்பான். வாத்தியாரே சிரிப்பார். நாச்சிமுத்துவுக்கு அதில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை. பெருமையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அடி வாங்கினாலும் மாமன் மாமன்தானே.

மணி பத்து. கதவு திறந்தது, எல்லோரும் வந்தார்கள், கோப்பைகள், கரண்டிகள், ஏலக்காய் போட்ட ரொட்டி. வழக்கமாக இருக்கிற பேச்சு இல்லை, அவனுக்காகக் குரலை இறக்கிக்கொண்டு பேசினார்கள். கரீன் ஒரு சின்ன மெழுகுவத்தியை அட்டைக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தாள். மாட்ஸ் எதிரில் வந்து உட்கார்ந்து ரொட்டித் தட்டை இவன் பக்கம் தள்ளினான். மாட்ஸ் இவனோடு சோதனைக் கூடத்தில் இருப்பவன், இவனுக்கும் அவனுக்கும் ஒரே வருஷம், ஒரே மாசம். அவன் தலைக்கு மேலே சுவரில் அந்த விளக்கப்படம். போன மாசம் தலைமை ஆபீசிலிருந்து வந்தது, நாலு தலைமுறை, ஒரே மேசை என்று தலைப்பு. நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம், ஒவ்வொருத்தர் போட்டோவையும் பிறந்த வருஷம் பார்த்து ஒட்டியிருந்தார்கள். அறுபத்தைந்திலிருந்து எண்பது வரை பிறந்தவர்களுக்கு எக்ஸ் என்று பெயராம், அந்தப் பச்சைக் கட்டத்தில் மாட்ஸும் நாச்சிமுத்துவும் தோளோடு தோள். நாமெல்லாம் ஒரே தலைமுறை, நீயும் நானும், என்று அன்றைக்கு மாட்ஸ் காபிக் கோப்பையை இவன் கோப்பையில் இடித்தான். கட்டத்துக்குள் இந்தத் தலைமுறையின் நினைவுகள் என்று எழுதியிருந்தது. பெர்லினில் சுவர் விழுந்தது. டேப் ரிக்கார்டரில் பாட்டுப் பிடித்தது. கழுத்தில் சாவி. கழுத்தில் சாவி என்றால் என்ன என்று கேட்டதற்கு மாட்ஸ் சொன்னான், அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்களாம், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை கழுத்தில் நூல் கட்டித் தொங்குகிற சாவியால் தானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், ஆளில்லாத வீட்டில் தனியாக ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்னுமாம். எட்டு வயசிலிருந்தே அப்படித்தானாம். சொல்லும்போது மாட்ஸ் சிரித்தான், ஆனால் நாச்சிமுத்துவுக்கு அந்தப் பிள்ளையை நினைத்துச் சங்கடமாகிவிட்டது. அவன் வீட்டுக்குப் பூட்டே கிடையாது. பதினோரு பேர் இருக்கிற வீட்டை எவன் எப்போது பூட்டுவது? காலேஜ் ஹாஸ்டலில்தான் முதல்முதலாகத் தனக்கென்று ஒரு சாவி கைக்கு வந்தது, அதை மூன்று தடவை தொலைத்தான். பெர்லின் சுவர் விழுந்த அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தான்? ஐப்பசிக் கடைசி, பதினாறு வயசு, மழையில்லாமல் கிணறு வற்றிவிட்டது, எழுபது அடிக்குக் கீழே மோட்டாரை இறக்க அவனும் சென்னியப்பனும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே தொங்கினார்கள். சுவர் விழுந்த செய்தி வரவில்லை. தண்ணீர் வந்தது, அதுதான் செய்தி. அந்த மோட்டார் தண்ணீரைக் கக்கியபோது சென்னியப்பன் அடியில் நின்று வாயைத் திறந்துகொண்டு கத்திய கத்தல் இருக்கிறதே, அதற்கு எந்தக் கட்டத்தில் என்ன நிறம் அடிப்பார்கள்? மாட்ஸோடு பதினாலு வருஷம் காபி குடித்தாயிற்று. ஒரே வருஷம், ஒரே மாசம். மூக்கில் ரத்தம் வர ஒரு தடவை அடித்துக்கொண்டதில்லை.

இங்கே எந்த வருஷம் பிறந்தாய் என்று பார்த்துக் கட்டத்தில் ஒட்டுகிறார்கள். ஊரில் எவள் வயிற்றில் பிறந்தாய் என்று பார்த்து வரிசையில் உட்கார வைக்கிறார்கள். அம்மா பெற்ற எட்டும் ஒரு வரிசை, எழுபது வயசு அக்காவும் அதே வரிசை, ஐம்பத்தொரு வயசு இவனும் அதே வரிசை. அந்த வரிசை பெற்றதெல்லாம் கீழ்வரிசை. அதில் ஒருத்தன் இவனைவிட மூத்தவனாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கீழே என்றால் கீழேதான். இருபத்தைந்து வயசில் சென்னியப்பனுக்குக் கல்யாணம். கல்யாணமே ஆகாத இவனும் அண்ணன்களோடு மாமன் இடத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்றான், மணமக்கள் காலில் விழுந்தார்கள், கூச்சத்தில் செத்துப் பிழைத்தான். சென்னியப்பன் விழுந்த வாக்கில் ஒருத்தருக்கும் தெரியாமல் இவன் கால் கட்டைவிரலைப் பிடித்துக் கிள்ளினான். கிள்ளிய வலியில் ஆசீர்வாதத்துக்குப் பதிலாக ‘ஆ’ என்று கத்திவிட்டான், மண்டபமே சிரித்தது. சென்னியப்பன் பிள்ளைகளுக்கு இவன் தாத்தா. முப்பது வயசிலேயே தாத்தா, பெண்டாட்டி இல்லாத தாத்தா. அண்ணன்கள் ஒவ்வொருத்தராகப் போய்ச் சேர்ந்து, போன ஆடியில் பெரியண்ணனும் போனதும், மேல்வரிசையில் ஆம்பிளை என்று மிச்சம் இவன் ஒருத்தன்தான். அங்கே குடும்பத்துக்கே பெரியவன். இங்கே பச்சைக் கட்டத்தில் இன்னும் பதினைந்து வருஷம் உழைக்க வேண்டிய ஆள். எது நிஜம்? சௌகரியப்பட்டது நிஜம், வேறென்ன. லீவுக்குப் போய் நின்றபோது இந்த ஊர்ப் பட்டியல் நிஜமாகிவிட்டது, அக்கா மகன் தூரத்து உறவாகிவிட்டான், பரவாயில்லையாகிவிட்டான். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, போனில் என்ன நடந்தது? மாமா, எம் பையன் என்னையப் பூமருங்கறான், அதென்னுங் பூமரு, என்று கேட்டான் சென்னியப்பன். இவன் சுவரிலிருந்த படத்தைப் பாடம் மாதிரி ஒப்பித்தான், நீ பூமர் இல்லடா, அதுக்கு அடுத்த செட்டு, எக்ஸு, நானும் அதேதான். அப்படின்னா அந்தக் கணக்குல நீங்களும் நானும் ஒரே வரிசைங்களா மாமா? ஆமா, அந்தக் கணக்குல ஒரே வரிசைதான். கடையில் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, ‘டேய் முத்து’ என்றான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவிடம் அறை வாங்கிய அதே வார்த்தை. சொல்லிவிட்டுச் சிரித்தான், சின்னப் பையன் மாதிரி. இவன் சிரித்திருக்கலாம். சொல்றா என்று சொல்லியிருக்கலாம். சுருக்கென்றது. ஆமாம், சுருக்கென்றுதான் இருந்தது, ஊர் ஊராகப் போய் எத்தனை படித்து என்ன, மாமனை எவனாவது டேய் என்பானா என்று அடியிலிருந்து ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. பேசாமல் இருந்தான். இரண்டு மூச்சு நேரம், அவ்வளவுதான். சென்னியப்பன் புரிந்துகொண்டான், அவன் எதைத்தான் புரிந்துகொள்ளவில்லை. தப்பா நெனச்சுக்காதீங்க மாமா, சும்மா வெளையாட்டுக்கு, வெச்சரட்டுங்களா, கடைல ஆள் நிக்கறாங்க, என்று வைத்துவிட்டான். அதுதான் கடைசிப் பேச்சு. இந்த ஊர்க் கணக்கு வேண்டிய இடத்தில் மாமன், மாமன் வேண்டிய இடத்தில் இந்த ஊர்க் கணக்கு. இப்படி இரண்டு பக்கமும் நழுவினவன் சொல்கிற உத்தரவுக்கு என்ன பெறுமானம் இருக்கிறது? ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறவனுக்குத் தெரியும், எவன் வரவில்லை என்று. கண்ணாடிக்கு உள்ளே மூக்கில் பஞ்சோடு, நாச்சிமுத்து எங்கே என்று கேட்காமல் படுத்திருப்பான், கேட்கவே மாட்டான், அதுதான் அவனிடம் இருக்கிற சனியன் பிடித்த குணம்.

போன் அதிர்ந்தது. மேசை முழுக்க இவன் பக்கம் திரும்பியது. எடுத்துக் காதில் வைத்தான், முதலில் வெறும் அழுகைச் சத்தம், தப்பட்டைச் சத்தம், அதற்குள்ளிருந்து கதிரேசன். “சித்தப்பா, எல்லாஞ் சரி பண்ணியாச்சுங். உங்க கோடிய உங்க பேரச் சொல்லி நானே போட்டுட்டனுங். பங்காளிக நிக்கறாங்க. எடுத்தறலாமுங்களா?” சொல்லு. எடுங்க. இரண்டு அசை. வாயைத் திறந்தான், குளிர் காற்று உள்ளே போனது போல் இருந்தது. கிணற்றுக்குள் தொங்கும்போது மேலே இருக்கிறவன் ‘இழுக்கலாமா’ என்று கேட்பான், அப்போதும் இப்படித்தான் சத்தம் வரவில்லை, அப்போது சென்னியப்பன்தான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து இழு இழு என்று கத்தினான், இப்போது யார் கத்துவது. எடுத்துவிட்டால் அப்புறம்? எடுத்துவிட்டால் அவன் போய்விடுவான், இப்போது இன்னும் வாசலில்தான் இருக்கிறான், சொல்லாத வரைக்கும் அங்கேயேதான் இருப்பான், சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன, இன்றைக்கு ராத்திரி விமானத்தைப் பிடித்து, நாளைக்குக் காலையில், மாமன் வந்துட்டாரு மாமன் வந்துட்டாரு என்று பந்தலே எழுந்து... “சித்தப்பா? கேக்குதுங்களா?” கேட்கிறது, கேட்கிறது. மாட்ஸ் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருத்தர் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அங்கே போன் கைமாறியது, வளையல் சத்தம், மூச்சு. அக்கா. எழுபது வயசு அக்கா, மகனைக் கொடுத்துவிட்டு நிற்கிற அக்கா. “முத்தூ” என்றாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. “ஏஞ் சாமி, வாய்ல வார்த்த வல்லியா?” அவன் ம் என்றான். “எனக்கும் வல்ல கண்ணு. ஆனா நாஞ் சொன்னா எடுக்க மாட்டேங்கறாங்கடா. பெத்தவ சொன்னாச் செல்லாதாமா, மாமஞ் சொல்லோணுமாமா. நேத்துப் புடிச்சு ஐசுல கெடந்தான், அவனுக்குக் குளுரே ஆகாது, உனக்குத் தெரியுமில்ல? போதும்டா. போகட்டும். சொல்லீரு.” கதிரேசன் ஸ்பீக்கரைப் போட்டிருக்க வேண்டும், தப்பட்டை நின்றுவிட்டது, அழுகை நின்றுவிட்டது, நூற்றைம்பது பேர் இவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஐயாயிரம் மைலுக்கு இப்பால் அவனுக்குத் தெரிந்தது. அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும் போல் இருந்தது, அவன் என்மேல் வருத்தமாக இருந்தானா அக்கா, என்னவாவது சொன்னானா என்று. அதைக் கேட்கிற நேரமா இது. “எடுங்க” என்றான். சத்தம் பத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காபி அறை என்றும் பார்க்காமல், களத்துமேட்டிலிருந்து கூப்பிடுகிறவன் போலத் தொண்டையைத் திறந்து, “எடுங்கப்பா, எடுங்க” என்றான். சட்டென்று தப்பட்டை இடித்தது, அக்கா ஐயோ என்று கத்தியது பாதியில் கேட்டது, போன் எங்கோ கீழே விழுந்து துண்டித்துக்கொண்டது.

காபி அறையில் ஒருத்தரும் அசையவில்லை. அவன் கத்தியது என்ன வார்த்தை என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துபோயிற்று, மனுஷர்கள்தானே. கரீன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தாள். எரிகிற மெழுகுவத்தி, கரடிக்குட்டி, ஏலக்காய் வாசனை. அவள் மெதுவாகக் கேட்டாள், நேற்றிலிருந்து ஒருத்தரும் கேட்காததை. “எத்தனை வயசு அவனுக்கு?” நாச்சிமுத்து நிமிர்ந்தான். ஐம்பத்திரண்டு. சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ‘ஓ’ என்பார்கள். எல்லோர் முகமும் கொஞ்சம் தளரும், பதினோரு முகமும், நிம்மதியாகக்கூட இருக்கும் அவர்களுக்கு. மாரடைப்பா என்று மாட்ஸ் கேட்பான், நம் வயசில் ஜாக்கிரதையாக இருக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை செய்துகொள் என்பான். முதுகிலிருக்கிற கை இரண்டு தடவை தட்டிவிட்டு எழுந்துவிடும். சென்னியப்பனுக்காக இந்தத் தேசத்தில் ஒருத்தர்கூட அழ மாட்டார்கள். பாலைப் பங்கு போட்டவன், கிணற்றில் இழு இழு என்று கத்தினவன், அவனுக்கு இங்கே ஒரு ‘ஓ’. அது பொறுக்கவில்லை. “ஏழு” என்றான். வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திருத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. கரீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மாட்ஸ் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவன் தோள் குலுங்கியது. கடைசி மேசையில் யாரோ விசும்பினார்கள். அதைக் கேட்டதும்தான் நாச்சிமுத்துவுக்கு வந்தது. நேற்றுக் காலை ஐந்து மணியிலிருந்து உள்ளே நின்றுகொண்டிருந்த அழுகை, ஊரில் அழுகிற மாதிரியே, நெஞ்சில் அடித்துக்கொண்டு, மாப்ள மாப்ள என்று வந்தது. ஒருத்தரும் அவனை அடக்கவில்லை, அழ விட்டார்கள், கூட அழுதார்கள். கரீன் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, குறையாகச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னாள்: “அந்தப் பட்டியலெல்லாம் சம்பளத்துக்கு, நாச்சி. சொந்த லீவில் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் நேற்று வாயெடுத்தேன், அதற்குள் பரவாயில்லை என்றுவிட்டாய். போகணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்திருப்பேனே. ஏன் சொல்லவில்லை?” நாச்சிமுத்து அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். மணி பத்தரை தாண்டி, காபி நேரம் முடிந்திருந்தது. பதினோரு பேரும் கோப்பையை எடுக்காமல், வேலைக்குக் கிளம்பாமல், அவன் பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.